ஆப்பிரிக்க மரங்களில் மருந்து இருக்கிறது, மருந்துக்கடையில் ஏன் இல்லை?

2020 ஏப்ரலில் மடகாஸ்கர் அதிபர் ஆண்ட்ரி ரஜோலினா கேமராக்களுக்கு முன்னால் ஒரு பாட்டிலைத் திறந்து குடித்தார். கோவிட் ஆர்கானிக்ஸ் என்று பெயர். மூலிகைக் கஷாயம்தான், கொரோனாவைத் தடுக்கும், வந்தாலும் குணமாக்கும் என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள், வேறு சில ஆப்பிரிக்க நாடுகளும் கேட்டு வாங்கின. சோதனை எங்கே என்று உலக சுகாதார நிறுவனம் கேட்டது. இதையே ஒரு ஐரோப்பிய நாடு கண்டுபிடித்திருந்தால் இவ்வளவு சந்தேகப்படுவீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் செய்தி படித்தவர்களுக்குக் குழப்பம். இன்னொரு வேடிக்கை, அந்தக் கஷாயத்தின் முக்கியச் செடி ஆர்ட்டிமீசியா அன்னுவா மடகாஸ்கருடையதே இல்லை, சீனத்துச் செடி. மடகாஸ்கரின் சொந்தச் செடி ஒன்று எப்போதோ உலக மருந்தாகிவிட்டது. அது நம் ஊர் வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கிறது: நித்தியகல்யாணி, சுடுகாட்டுமல்லி. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் அதிலிருந்து வருவதுதான்.

அப்படியானால் மற்ற செடிகள் ஏன் வரவில்லை? மடகாஸ்கரில் மட்டும் 11,000-க்கு மேற்பட்ட செடி வகைகள் உண்டு, அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் உலகில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. கண்டம் முழுவதும் கணக்கெடுத்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் 2010-ல் ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து தர விவரங்களோடு ஒரு மூலிகைத் தொகுப்பு வெளியிட்டபோது அதில் இடம்பெற்றவை ஐம்பது சொச்சம் செடிகள்தான். "சதி" என்று ஒரு கூட்டமும், "எல்லாம் மூடநம்பிக்கை" என்று இன்னொரு கூட்டமும் சொல்லும். நடந்தவற்றைப் பார்த்தால், ஒவ்வொரு செடியும் வெவ்வேறு இடத்தில் சிக்கி நிற்கிறது. அந்த இடங்களைத்தான் வரிசையாகப் பார்க்கப்போகிறோம்.

செடிக்குள் மருந்து எப்படி வந்தது

செடியால் ஓட முடியாது. மேய வரும் ஆடு, துளைக்கும் புழு, பிடிக்கும் பூஞ்சை எல்லாவற்றையும் நின்ற இடத்தில் நின்றே சமாளிக்க வேண்டும். அதற்காக அது தயாரிக்கும் பொருட்களை இரண்டாம்நிலை வேதிப்பொருட்கள் என்பார்கள்; வளர்வதற்கு இவை தேவையில்லை, பிழைத்திருக்கத் தேவை. பூச்சியின் நரம்பைத் தாக்கும் பொருள் நம் நரம்பையும் தொடும். தொடுகிற அளவைப் பொறுத்து அதற்கு மருந்து என்றோ நஞ்சு என்றோ பெயர்.

இதற்கு நைஜீரியாவின் கலபார் விதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. எஃபிக் மக்கள் குற்றவாளியைக் கண்டுபிடிக்க இதை அரைத்துக் கரைத்துக் கொடுப்பார்கள்: வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. 1855-ல் எடின்பரோ பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் அது என்னதான் செய்கிறது என்று பார்க்க ஒரு விதையில் கொஞ்சத்தைத் தானே தின்றார். கை கால் சோர்ந்து, நாடி தாறுமாறாகப் போனதும், பக்கத்திலிருந்த சவரத் தண்ணீரை எடுத்துக் குடித்து வாந்தி எடுத்துத்தான் பிழைத்தார். அடுத்து 1863-ல் அதே ஊர்க் கண் மருத்துவர் ஆர்கில் ராபர்ட்சன் விதைச் சாற்றைத் தன் கண்ணிலேயே விட்டுப் பார்க்க, கண்மணி சுருங்கியது. 1864-ல் அந்தப் பொருளைப் பிரித்து எடுத்தார்கள்: பைசோஸ்டிக்மின். 1870களிலேயே அது கண்ணழுத்த நோய்க்கு மருந்தானது. 1935-ல் பெர்சி ஜூலியன் என்ற கறுப்பின அமெரிக்க வேதியியலாளர் அதை ஆய்வகத்திலேயே செய்து காட்டினார். இன்று மறதி நோய்க்குக் கொடுக்கும் ரிவாஸ்டிக்மின் இந்த மூலக்கூறின் சாயலில் செய்ததுதான்.

ஒரு தண்டனை விதையிலிருந்து இத்தனை மருந்துகள். ஆனால் கவனியுங்கள், யாரும் இன்று கலபார் விதையை வாங்கி அரைத்துக் குடிப்பதில்லை.

செடிக்கும் மாத்திரைக்கும் நடுவே

1. இது எந்தச் செடி? உள்ளூரில் ஒரே பெயரில் மூன்று செடிகள் இருக்கும், ஒரே செடிக்கு ஐந்து பெயர்கள் இருக்கும். அடையாளம் தவறினால் மேலே செய்வது எல்லாம் வீண். சந்தையில் பொடியாக விற்கும்போது இந்தச் சிக்கல் பத்து மடங்கு.

2. வேலை செய்யும் பொருள் எது, அது செடியுடையதுதானா? கேட்கச் சின்னக் கேள்விதான், இதில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். வடக்குக் கேமரூனில் நாக்லியா லாட்டிஃபோலியா என்ற மரத்தின் வேர்ப்பட்டையை வலிக்கும் காய்ச்சலுக்கும் கஷாயம் வைப்பார்கள். நம் கடம்பு மரத்துக்கு உறவு. 2013-ல் பிரான்சின் கிரனோபிள் ஆய்வாளர்கள் அந்தப் பட்டையில் டிராமடால் இருப்பதாக அறிவித்தார்கள். டிராமடால் என்பது 1970களிலிருந்து விற்கும் வலி மாத்திரை, முழுக்கத் தொழிற்சாலைப் பொருள். அதையே ஒரு மரம் தயாரிக்கிறது, அதுவும் உலர்ந்த பட்டையில் 0.4 முதல் 3.9 சதவீதம் வரை என்றால் செய்தியாகாமல் இருக்குமா? உலகம் முழுக்க வந்தது.

மறு வருடம் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் ஆய்வாளர்கள் அதே பகுதிக்குப் போனார்கள். அந்த மரத்தில் மட்டும் இல்லை, சுற்றியிருந்த வேறு செடிகளின் வேரிலும், மண்ணிலும், தண்ணீரிலும் டிராமடால் இருந்தது. கூடவே, அது ஒரு விலங்கின் உடம்புக்குள் போய் வெளியே வந்தால் மட்டுமே உருவாகும் கழிவுப் பொருட்களும் இருந்தன. தெற்கு கேமரூனில் அதே மர வகையில் ஒன்றுமே இல்லை. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது: விவசாயிகள் வெயிலில் களைப்புத் தெரியாமல் வேலை செய்யத் தாங்களும் மலிவு விலை டிராமடால் விழுங்கி, மாடுகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். மாடு மர நிழலில் நின்று மூத்திரம் பெய்தது, வேர் உறிஞ்சிக்கொண்டது, அவ்வளவுதான். முதல் குழு ஒத்துக்கொள்ளவில்லை, சில ஆண்டுகள் வாதம் நீண்டது. கடைசியில் அங்கத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்த டிராமடாலில் கரிமம்-14 அளவெடுத்துப் பார்த்தார்கள். உயிருள்ள மரம் செய்த பொருளாக இருந்தால் அந்தக் கரிமம் இருக்க வேண்டும், பெட்ரோலியத்திலிருந்து வந்த பொருளில் இருக்காது. இதில் இல்லை.

இதை வைத்து அந்த மரம் பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. மக்கள் அதைப் பயன்படுத்தியது டிராமடால் பிறப்பதற்கு முன்பிருந்தே. அது என்ன செய்கிறது என்பது திரும்பவும் முதலிலிருந்து கேட்க வேண்டிய கேள்வி ஆகிவிட்டது.

3. மனித உடம்பில் வேலை செய்கிறதா? ஆய்வகத் தட்டில் புற்றுநோய் செல்லைக் கொல்வது பெரிய விஷயமே இல்லை, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர்கூடக் கொல்லும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை விட்டுவைக்கிறதா என்பதுதான் கேள்வி. கேமரூனின் கோருப் காட்டில் கிடைத்த ஒரு கொடியின் இலையில் மிச்செலமின் பி என்ற பொருள் எச்.ஐ.வி. கிருமியைத் தடுத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மும்முரமாக இறங்கியது. கொடியும் அறிவியலுக்கே புதியது, காட்டின் பெயரையே வைத்தார்கள், பயிரிடும் வேலைகூடத் தொடங்கியது. கடைசியில் கிருமியைத் தடுக்கத் தேவையான அளவும் உடம்புக்கு நஞ்சாகும் அளவும் கிட்டத்தட்ட ஒன்று என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். இப்படி நின்றுபோனவைதான் அதிகம், அவை செய்தியாவதில்லை.

4. ஒவ்வொரு பாட்டிலும் ஒன்றா? மழைக்காலத்து இலையும் கோடைக்காலத்து இலையும் ஒன்றாக இருக்காது. கை பார்த்துப் பக்குவம் சொல்லும் வைத்தியருக்கு இது பிரச்சினை இல்லை, லட்சம் மாத்திரை அடிக்கும் ஆலைக்குப் பெரிய பிரச்சினை.

5. சரக்கு வந்துகொண்டே இருக்குமா? நித்தியகல்யாணியில் டன் கணக்கான காய்ந்த இலையை அலசினால் கிராம் கணக்கில்தான் மருந்து கிடைக்கும். நல்லவேளை, அது களை மாதிரி எங்கும் வளரும். தென் தமிழகக் கரிசல் நிலங்களில் பயிராகவே போட்டிருக்கிறார்கள். எல்லாச் செடிக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை.

மருந்து ஜெயித்தது, மரம் தோற்றது

ப்ரூனஸ் ஆப்பிரிகானா என்ற மரம் கேமரூன், கென்யா, மடகாஸ்கர் எனப் பல நாடுகளின் மலைக்காடுகளில் வளர்வது. பட்டையைக் கீறினால் பாதாம் வாசனை அடிக்கும். ஆண்களுக்கு வயதானபின் ப்ராஸ்டேட் வீங்கி, ராத்திரி நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்கும் அல்லவா, அதற்கு இந்தப் பட்டைச் சாறு உதவுகிறது என்று 1960களில் பிரான்சில் காப்புரிமை வாங்கினார்கள். டாடனான் என்ற பெயரில் விற்பனையானது. 18 சோதனைகள், 1,562 ஆண்கள் என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஓரளவு பலன் தெரிகிறது, ஆனால் சோதனைகள் சிறியவை, குறுகியவை என்றது. அதாவது மேலே சொன்ன கேள்விகளில் பலவற்றை இந்த மரம் ஏறக்குறைய தாண்டிவிட்டது. மாட்டிக்கொண்டது ஐந்தாவதில்.

இலையைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும். பட்டை அப்படியில்லை. இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உள்பக்கத்து வழியாகத்தான். சுற்றிலும் முழுக்க உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும், சில மாதங்களில் மரம் நின்றபடியே செத்துப்போகும். தண்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் கால்வாசி கால்வாசியாக மட்டும் உரித்துவிட்டு, ஆறுவதற்குச் சில வருடம் விட வேண்டும் என்பது விதி. ஆனால் கிலோக் கணக்கில் கூலி வாங்கும் ஆள், நாளைக்கு இன்னொருவன் வந்து மிச்சத்தை உரித்துவிடுவான் என்று தெரிந்தபின் பாதியோடு நிறுத்துவானா? பலர் மரத்தையே வெட்டிப் படுக்கப்போட்டு உரித்தார்கள். 1995-ல் இந்த மரம் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது. 2007-ல் ஐரோப்பிய ஒன்றியம் கேமரூன் பட்டையை வாங்குவதை நிறுத்தியது.

"அதிகம் பயன்படாத மரம்" என்று ஒரு பக்கம் ஏங்குகிறோம், பயன்பட ஆரம்பித்ததும் இந்த மரத்துக்கு நடந்தது இது.

யாருடைய அறிவு, யாருக்குக் காசு

நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான், அதனால் மூன்று வழக்குகளைப் பார்ப்போம்.

முதலாவது, பெலர்கோனியம் சிடாய்டஸ். தென்னாப்பிரிக்காவிலும் லெசோத்தோவிலும் வளரும் சிறு செடி, கருஞ்சிவப்புப் பூ, கிழங்கு மாதிரி வேர். 1897-ல் காசநோயோடு அங்கே போன சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர், உள்ளூர் வைத்தியர் கொடுத்த வேர்க் கஷாயத்தில் குணமானதாகச் சொல்லி, ஊர் திரும்பி அதையே விற்க ஆரம்பித்தார். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அவரைப் போலி மருந்துக்காரர் பட்டியலில் சேர்த்தது. வழக்குப் போட்டார், தோற்றார். 1920களில் ஜெனீவாவில் ஒரு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். காசநோய்க்கு மெய்ப்பிக்கப்படவே இல்லை. ஆனால் ஜெர்மனியில் அது உம்காலோவாபோ என்ற பெயரில் மார்ச்சளி மருந்தாகி, கோடிக்கணக்கான யூரோ வியாபாரமானது. சாறு எடுக்கும் முறைக்கு ஸ்வாபே நிறுவனம் ஐரோப்பியக் காப்புரிமை வாங்க, கிழக்கு கேப் மாகாணத்தின் ஆலிஸ் ஊர்ச் சமூகமும் ஒரு தென்னாப்பிரிக்கத் தன்னார்வ அமைப்பும் எதிர்த்தன. 2010 ஜனவரியில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதை ரத்து செய்தது. இதில் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை என்பது காரணம்.

இரண்டாவது, ஹூடியா. கலகாரிப் பாலைவனத்தில் கள்ளி மாதிரி நிற்கும் செடி. வேட்டைக்குப் போகும் சான் மக்கள் பசி தெரியாமலிருக்க ஒரு துண்டை வெட்டி மெல்வார்கள். நம் வறண்ட காடுகளின் கள்ளிமுளையான் இதற்குத் தாயாதி முறை. அதையும் பசியடக்கத் தின்பதுண்டு என்பதால் நமக்கு இது ஆச்சரியமே இல்லை. தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனம் 1990களில் அந்தப் பொருளுக்குக் காப்புரிமை எடுத்து, ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்கும், அது வழியாக ஃபைசருக்கும் உரிமம் கொடுத்தது. சான் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. விவகாரம் வெளியே வந்தபின், 2003 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள்: ஆய்வு நிறுவனத்துக்கு வரும் உரிமத்தொகையில் 6 சதவீதம், இடைநிலைத் தொகைகளில் 8 சதவீதம் சான் மக்களுக்கு. நியாயம் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் எழுதினார்கள். அதே வருடம் ஃபைசர் விலகியது. அடுத்து வந்த யூனிலீவர் 2008-ல் விலகியது. பின்னால் வெளியான சோதனையில் எடையும் குறையவில்லை, குமட்டலும் ரத்த அழுத்தமும்தான் கூடின. இதற்கிடையில் இணையத்தில் விற்ற ஹூடியா மாத்திரைகளைச் சோதித்தால், பலவற்றில் ஹூடியாவே இல்லை.

மூன்றாவது நித்தியகல்யாணி, இதுதான் உண்மையில் சிக்கலானது. மடகாஸ்கரை ஏமாற்றி எடுத்தார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 1950களில் கனடாவின் ராபர்ட் நோபிளுக்கு இலைகள் வந்தது ஜமைக்காவிலிருந்து, அங்கே சர்க்கரை நோய்க்குத் தேநீராகக் குடிப்பார்கள் என்ற குறிப்போடு. செடி எப்போதோ கடல் தாண்டிப் பரவிவிட்டது. சர்க்கரை குறையவில்லை, சோதனை எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தத் தற்செயலிலிருந்துதான் புற்றுநோய் மருந்து. இப்போது பங்கு யாருக்கு? செடி பிறந்த மடகாஸ்கருக்கா, தேநீர் போட்ட ஜமைக்காவுக்கா? அன்றைக்கு இதைக் கேட்கச் சட்டமே இல்லை, ஒருவருக்கும் ஒன்றும் போகவில்லை.

சட்டம் பின்னால் வந்தது. 2010-ல் ஏற்கப்பட்டு 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையின் சாரம் இதுதான்: எடுக்கும் முன் அனுமதி கேள், லாபத்தில் பங்கு கொடு. 2024 மே மாதம் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் இன்னொரு உடன்படிக்கை ஏற்கப்பட்டது. காப்புரிமை கேட்பவர் மரபணு வளத்தையும் மரபறிவையும் எங்கிருந்து எடுத்தார் என்று விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும் என்கிறது அது. போதிய நாடுகள் உறுதிசெய்தால்தான் அமலுக்கு வரும். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் ஹூடியாவில் பார்த்தது மாதிரி, மருந்தே வராவிட்டால் பங்கு என்பது பூஜ்யத்தில் 6 சதவீதம்.

நல்லது என்று நம்பிச் செத்தவர்கள்

எச்.ஐ.வி. உச்சத்தில் இருந்தபோது தென்னாப்பிரிக்கச் சுகாதார அமைச்சர் பூண்டு, பீட்ரூட், அப்புறம் ஆப்பிரிக்க உருளை என்று அழைக்கப்படும் ஹைபாக்சிஸ் கிழங்கு, இவற்றைச் சாப்பிடச் சொன்னார். உண்மையான மருந்துகளை அரசு பரவலாகக் கொடுக்காமல் இழுத்தடித்தது. 2000 முதல் 2005 வரை அந்தத் தாமதத்தால் போன உயிர்கள் 3,30,000-க்கு மேல் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நாம் விழுங்கும் மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தையே அந்தக் கிழங்கு தடுக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. மாத்திரையும் கிழங்கும் சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு எக்குத்தப்பாகப் போகலாம். "மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது" என்ற பேச்சுக்கு என் பதில் இந்தக் கிழங்கும் கலபார் விதையும்தான். வேலை செய்கிற எதற்கும் பக்கவிளைவு உண்டு.

எதில் கை வைக்கலாம்

கானாவில் மலேரியாவுக்கு வேரை ஊறவைத்துக் குடிக்கும் கிரிப்டோலெபிஸ் கொடியைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறார்கள். மாம்போங்கில் 1975-லிருந்தே அரசு மூலிகை ஆய்வு மையம் இயங்குகிறது. அந்தக் கொடியின் வேரிலுள்ள கிரிப்டோலெபின் என்ற பொருள் மலேரியாக் கிருமியைக் கொல்கிறது, ஆனால் டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்ளும் என்பதால் நம் செல்லுக்கும் தொந்தரவு. அதன் சாயலில் சாதுவான இன்னொன்றைச் செய்ய முடியுமா என்பதுதான் வேலை. கலபார் விதை போன பாதை இது.

மன்னாரிலும் ராமநாதபுரக் கடலோரத்திலும் நிற்கும் பெருக்கமரம், அதாவது பொந்தன்புளி, ஆப்பிரிக்க பேயோபாப்தான். அதன் பழப்பொடி மருந்து வழியை விட்டுவிட்டு உணவு வழியில் போய்விட்டது. 2008-ல் ஐரோப்பா புதுவகை உணவாக அனுமதித்தது. உணவு என்றால் நோயைக் குணமாக்குகிறது என்று நிரூபிக்க வேண்டாம், அதே சமயம் அப்படி எழுதி விற்கவும் கூடாது. பழம்தானே பறிக்கிறார்கள், மரமும் பிழைக்கும்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது வார்பர்ஜியா என்ற மரம். மிளகு மாதிரிக் காரமான பட்டை, சளிக்கும் இருமலுக்கும் தெற்கு ஆப்பிரிக்கா முழுக்கத் தேடுவார்கள். ஜிம்பாப்வே காடுகளில் உரித்தே தீர்த்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இலையையும் பட்டையையும் ஒப்பிட்டபோது, காரத்துக்குக் காரணமான அதே வகைப் பொருட்கள் இலையிலும் இருந்தன. க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய ஊர்களில் நாட்டு வைத்தியர்களுக்குக் கன்றுகளைக் கொடுத்து, பட்டைக்குப் பதிலாக இலையைக் கொடுத்துப் பாருங்கள் என்கிறார்கள். புது மூலக்கூறும் இல்லை, காப்புரிமையும் இல்லை. பட்டை வாங்கிப் பழகியவர் இலைப் பொட்டலத்தைப் பார்த்து "இது அசலா?" என்று வைத்தியரிடம் கேட்பார், அவர் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லச் சொல்லலாம். காரம் நாக்கில் தெரியும்.